1911 சென்சஸில் குயவர் மனைவிக்கு என்ன தொழில்? (மெட்ராஸ் மாகாணம்: ஆண்–பெண் தொழில்கள்)

#1 வண்டிப்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒருவர், "நம்ம வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் யாரும் வேலைக்குப் போனதில்லை, வெள்ளைக்காரன் சென்சஸே அதற்குச் சாட்சி" என்று போட்டுவிட்டார். சண்டை போடுவதற்கு முன் புத்தகத்தைப் பார்த்துவிடலாம் என்று மெட்ராஸ் மாகாண சென்சஸ் தொகுதிகளை இணையத்தில் தேடி எடுத்தேன். 1881, 1901, 1911 மூன்றும் கிடைத்தன. பார்த்த பிறகு குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

1901-இலும் 1911-இலும் தொழில் செய்பவர், சார்ந்திருப்பவர் என்று பிரித்திருக்கிறார்கள். தொழில் செய்பவருக்குள் ஆண், பெண் தனித்தனி. சில தொழில்களில் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு இருக்கிறார்கள். சிலவற்றில் ஆளே இல்லை. 1881 அட்டவணையோ வேறு ஏதோ நாட்டைப் பற்றியது போல இருக்கிறது. இவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாமா? "சார்ந்திருப்பவர்" என்று யாரைச் சொன்னார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 எண்ணும்எழுத்தும்

நேரடியாக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் கேள்வியே வேறு.

1881-இல் இங்கிலாந்தின் சென்சஸுக்காக வில்லியம் ஃபார் வகுத்திருந்த ஆறு வகுப்புகளை அப்படியே இங்கே இறக்கினார்கள். உயர்தொழில், வீட்டுப்பணி, வணிகம், விவசாயம், கைத்தொழில், கடைசியாக 'வரையறுக்க முடியாத, உற்பத்தியில்லாத' வகுப்பு. இங்கிலாந்திலேயே 1851-இல் இல்லத்தரசிகளுக்குத் தொழில் பட்டியலில் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். 1881-இல் அங்கேயும் அவர்களைத் தொழிலற்றோர் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

1891-இல் சென்சஸ் ஆணையராக பெயின்ஸ் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். அந்த ஆண்டு அட்டவணை, ஒரு தொழிலை நம்பி எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு. நெசவாளர் வீட்டுக் கைக்குழந்தையும் நெசவுக் கணக்கில்தான் வரும். 1901-இல் முக்கியத் தொழில், துணைத் தொழில், சார்ந்திருப்பவர் யாருடைய தொழிலால் பிழைக்கிறார் என்று மூன்று பத்தி. தொழில் குழுக்கள் மொத்தம் 520. 1911-இல் பெர்ட்டிலோன் என்ற பிரெஞ்சுக்காரரின் சர்வதேச வகைப்பாட்டைத் தழுவி 169 குழுக்களாகச் சுருக்கினார்கள். 1931-இல் சம்பாதிப்பவருக்கும் சார்ந்திருப்பவருக்கும் நடுவில் 'வேலை செய்யும் சார்ந்திருப்பவர்' என்று ஒரு புது ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1911-இல் கணக்கெடுப்பாளருக்குக் கொடுத்த விதியிலேயே பதில் இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொண்டு சமைக்கும் பெண் சார்ந்திருப்பவர். விறகோ சாணமோ பொறுக்கி விற்கும் பெண் தொழில் செய்பவர். கணவனுக்கு வழக்கமாக உதவும் பெண்ணும் தொழில் செய்பவர்தான். அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம், பானை செய்யும் குயவருக்கு மண் கொண்டுவந்து கொடுக்கும் மனைவி. எப்போதாவது ஒத்தாசை செய்தால் கணக்கில்லை.

#3 கீழத்தஞ்சை

விதியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று அந்த விதியை நிறைவேற்றியது யார்? கூலியில்லாமல் இந்த வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்ட கணக்குப்பிள்ளையும் பள்ளிக்கூட வாத்தியாரும். அவர் கேட்டது குடும்பத் தலைவனை. "உன் பெண்டாட்டி என்ன செய்கிறாள்?" என்றால் எந்த ஆள் "எனக்குச் சமமாக உழைக்கிறாள்" என்று சொல்லியிருப்பான்? 'வழக்கமாக' எங்கே முடிந்து 'எப்போதாவது' எங்கே தொடங்குகிறது?

எங்கள் டெல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். உழவு, அண்டை வெட்டுவது, நாற்றுப் பறிப்பது ஆண் வேலை. நடவும் களையெடுப்பும் பெண் வேலை. அறுப்புக்கு இருவரும். பண்ணையாள் முறையில் மிராசுதார் ஆணைத்தான் ஆளாக வைத்ததாகப் பேச்சு. மனைவி நடவுக்கு வரவேண்டும், மாட்டுக்கொட்டில் கூட்டவேண்டும், பிள்ளை மாடு மேய்க்கவேண்டும். எல்லாம் அந்த ஒரே பேச்சுக்குள் அடக்கம். 1911 சென்சஸ் மார்ச் 10 இரவு எடுத்தது, அதாவது மாசி மாதக் கடைசி. தாளடி (இரண்டாம் போகம்) அறுப்புகூட முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் சமயம். நடவுக்காரியை அப்போது போய்த் தேடினால் எங்கே கிடைப்பாள்?

என் கருத்தில் ஆண்களின் கணக்கே பாதி பொய், பெண்களின் கணக்கு முக்கால் பொய்.

#4 எண்ணும்எழுத்தும்

கீழத்தஞ்சை ஐயா, அன்று இரவு என்ன செய்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை, ஆண்டு முழுவதற்குமான பிழைப்பைத்தான் கேட்டார்கள். அதனால் மாசி மாத வாதம் முழுதாக நிற்காது. அது கிடக்கட்டும், மெட்ராஸ் அட்டவணையில் விவசாயக் கூலி என்ற வரியைப் பாருங்கள். பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை அவர்களைப் பார்க்காமல் போகவில்லை. கூலி வாங்கிய பெண் கணக்கில் வந்துவிட்டாள். சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ கணவனோடு சேர்ந்து உழைத்தவள்தான் பெரும்பாலும் நழுவினாள்.

#5 பனங்காட்டான்

நல்ல இழை. எங்கள் பக்கத்துத் தொழிலைச் சொல்கிறேன், திருநெல்வேலிப் பனங்காடு.

பனை ஏறுவது ஆண். காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, பதநீர் இறக்குவான். மரத்தடிக்குப் பதநீர் வந்ததும் அவன் பங்கு முடிந்தது. அப்புறம் எல்லாம் பெண் கையில். சுமந்து விடிலிக்கு (காய்ச்சும் குடிசைக்கு) கொண்டுபோய் வடிகட்டி, பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சவேண்டும். அன்றைய பதநீரை அன்றே காய்ச்சாவிட்டால் கெட்டுப்போகும், அதனால் அந்த வேலைக்கு லீவு என்பதே கிடையாது. பதம் பார்த்து இறக்கி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பதம் ஒரு நிமிடம் தப்பினாலும் கருப்பட்டி இளகிப்போகும், சந்தையில் விலை போகாது. அந்தப் பதம் தெரிந்தவள் அவள் மட்டும்தான். விறகும் பனையோலையும் பொறுக்குவது தனி வேலை. சீசன் இல்லாத மாதங்களில் பெட்டி முடைவது, பாய் முடைவது.

சந்தைக்குப் போன சரக்கு கருப்பட்டி. சென்சஸில் ஏறிய தொழிலோ 'கள், பதநீர் இறக்குபவர்'. கருப்பட்டி காய்ச்சுபவளை எந்தப் பத்தியில் போடுவது? கொஞ்சம் விவரமான கணக்கெடுப்பாளர் என்றால் குயவர் மனைவி விதியைப் பிடித்துக் கணவன் தொழிலையே அவளுக்கும் எழுதியிருப்பார். விவரமில்லாதவர் என்றால் சார்ந்திருப்பவள். முதல் வழியில் போனால் அட்டவணையில் மரம் ஏறும் பெண்கள் ஆயிரக்கணக்கில் தென்படுவார்கள். அதைப் படிக்கிற இந்தக் கால ஆராய்ச்சியாளர் "திருநெல்வேலியில் பெண்களும் பனை ஏறினார்கள்" என்று எழுதி வைத்துவிடுவார் :)

#6 தறிமேடை

பனங்காட்டான் அண்ணே சொன்னது தறிக்கும் அச்சுப்பிசகாமல் பொருந்தும். நான் நெசவுக் குடும்பம்.

தறிக்குழியில் உட்கார்வது ஆண். அவன் நாடா வீசவேண்டுமானால் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றித் தந்திருக்கவேண்டும். அது பெண்களும் பிள்ளைகளும் கிழவிகளும் ராட்டையில் செய்வது. பாவு ஓட்ட, கஞ்சி போட, இழை பிணைக்கக் குடும்பமே தெருவில் இறங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசைநாடா பரவியதும் ஆள் வேகமாக நெய்தான், அதற்கு ஈடுகொடுக்க வீட்டில் இருந்தவர்கள் இன்னும் வேகமாகச் சுற்றவேண்டி வந்தது.

அதற்கு முந்தைய கதைதான் பெரியது. நூல் நூற்பது. அது நெசவுச் சாதிகளின் தொழிலே அல்ல. எந்தச் சாதிப் பெண்ணும், விதவைகள் முக்கியமாக, வீட்டிலிருந்தே நூற்று நெசவாளருக்கு விற்று நாலு காசு பார்த்தார்கள். வெளியே தலை காட்டக்கூடாது என்றிருந்த வீட்டுப் பெண்களுக்கும் அது ஒரு வருமானம். மான்செஸ்டர் நூல் வந்தது, பின்னால் பம்பாய் நூல், பிறகு நம்மூர் மில்களே வந்துவிட்டன. மதுரையில் ஹார்வி மில் 1889, கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888. நெசவாளர் எப்படியோ தாக்குப் பிடித்தார். மில் நூல் மலிவாகக் கிடைத்ததும் அவருக்குக் கொஞ்சம் தோதாகத்தான் இருந்தது. நூற்றவள் காணாமல் போனாள்.

#7 கீழத்தஞ்சை

தறிமேடை சொன்னதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். 1901-க்கும் 1931-க்கும் நடுவில் இந்தியா முழுக்கக் கைத்தொழிலில் இருந்த பெண்களின் எண்ணிக்கை விழுந்தது. அது நிஜமான வேலையிழப்பு. இதில் அட்டவணை விளையாட்டு எங்கே வருகிறது?

#8 எண்ணும்எழுத்தும்

முதலில் முக்கால் பொய் என்றீர்கள். இப்போது அதே கணக்கை வைத்து வேலையிழப்பை நிரூபிக்கிறீர்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள் ஐயா.

இந்தச் சண்டை அறுபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. டேனியல் தார்னர் என்ற பொருளாதார ஆய்வாளர் 1881 முதல் 1931 வரையான சென்சஸ்களை அலசினார். பெண்களின் எண்ணிக்கை நம்பத் தகுந்தது அல்ல, வரையறை மாறும்போதெல்லாம் ஊசலாடுகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு ஆண்களின் கணக்கை முதன்மையாக எடுத்துக்கொண்டார். அதில் 1901-க்கும் 1931-க்கும் இடையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆக, அந்த முப்பது ஆண்டுகளில் கைத்தொழில் சரிந்தது என்று சொல்ல சென்சஸில் ஆதாரம் போதாது என்பது அவர் முடிவு.

#9 தறிமேடை

எனக்கு அவருடைய முறையில்தான் சிக்கல் தெரிகிறது. ஆணின் தொழிலும் பெண்ணின் தொழிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் பெண் கணக்கை ஒதுக்குவதில் தப்பில்லை. இயந்திரம் அப்படியா வந்தது? முதலில் நூற்பைத் தின்றது, அது பெண் வேலை. அப்புறம் நெல் குத்துவதைத் தின்றது, அதுவும் பெண் வேலை. தறியைத் தின்ன அதற்கு இன்னும் பல காலம் ஆனது. எந்தப் பக்கம் அடி விழுந்ததோ அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு "உடம்பில் காயமே இல்லை" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

1901, 1911 அட்டவணைகளில் 'நெல் குத்துவோர், உமி நீக்குவோர்' என்ற குழுவை வண்டிப்பேட்டை பார்த்தாரா? அங்கேதான் பெண்கள் ஆண்களை விழுங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

#10 வண்டிப்பேட்டை

பார்த்தேன். நான் முதல் பதிவில் பல மடங்கு என்று சொன்னதே அந்தக் குழுவை வைத்துத்தான். ஆண்கள் சொற்பம்.

#11 கீழத்தஞ்சை

எங்கள் ஜில்லாவில் அது பெரிய பிழைப்பு. நெல்லை அவித்துக் காயவைத்து உரலில் குத்திக் கொடுத்தால் கூலியாகக் கொஞ்சம் அரிசி, கூடவே தவிடும் குருணையும். விதவைக்கும் கைவிடப்பட்டவளுக்கும் கையில் இருந்த கடைசித் தொழில் அது. முதல் உலகப் போருக்குப் பிறகு எண்ணெய் இஞ்சின் வைத்த அரிசி மில்கள் காவிரிக் கரை நெடுக முளைத்தன. மில்லுக்குள் களத்தில் நெல் காயப்போடக் கொஞ்சம் பெண்களை எடுத்தார்கள். இஞ்சின் பக்கம் நின்றது ஆண். ஒரு மில் எத்தனை உரலை ஓய்த்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எண்ணும்எழுத்தும் கேட்டதற்குப் பதில்: கணக்கில் எண் பொய், போக்கு நிஜம். இரண்டு பக்கமும் நிற்க எனக்கு இடம் இருக்கிறது.

#12 எண்ணும்எழுத்தும்

சரி, நெல் குத்துவதில் தறிமேடை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கூலிக்குக் குத்துபவள் யார் என்பதில் வரையறைக் குழப்பம் குறைவு, அங்கே எண் விழுந்தால் ஆளே விழுந்ததாகத்தான் அர்த்தம். விவசாயத்தில் 'உதவும் மனைவி'யைப் பற்றி மட்டும் இதே தைரியத்தோடு பேசமாட்டேன். 1921-இல் தொழில் செய்பவளாக இருந்தவளை 1931-இல் 'வேலை செய்யும் சார்ந்திருப்பவள்' பத்திக்கு மாற்றினால், அவள் வயலை விட்டு ஓர் அடிகூட நகராமலே அட்டவணையில் நகர்ந்துவிடுவாள்.

#13 சும்மாவந்தேன்

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 1911 பட்டியலில் கடைசிக் குழுவான 169-ஐ யாராவது பார்த்தீர்களா? பிச்சைக்காரர், நாடோடி, விபசாரத் தரகர், விலைமாது, திருட்டுப் பொருள் வாங்குபவர், மாட்டுக்கு விஷம் வைப்பவர். எல்லாரும் ஒரே குழு! மாட்டுக்கு விஷம் வைப்பவர் கணக்கெடுப்பாளரிடம் வந்து தன் தொழிலை அப்படியே சொல்லியிருப்பாரா?

#14 நாகூர்க்கடல்

சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் குழுவில் பெண்கள் எப்படிப் போய் விழுந்தார்கள் என்பது சிரிப்பான விஷயம் அல்ல. ஆடல், பாடல், வாத்தியம், நடிப்பு இவற்றுக்குக் குழு 160 தனியாக இருந்தது. ஒரு தேவதாசியை 160-இல் எழுதுவதா 169-இல் எழுதுவதா என்பது பேனா பிடித்தவர் மனதைப் பொறுத்தது. அவள் கோயில் மானியம் அனுபவிப்பவள் என்று நில வருமானத்தில் எழுதவும் இடமுண்டு. ஒரே பெண்ணுக்கு மூன்று தொழில் சாத்தியம்.

இன்னொரு குழுவையும் பாருங்கள். மருத்துவச்சி, அம்மை குத்துபவர், கம்பவுண்டர், நர்ஸ், உடம்பு பிடித்துவிடுபவர் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். அம்மை குத்துபவர் அரசாங்கச் சம்பளக்காரர், ஆண். மருத்துவச்சி ஊர்ப் பெண். நாவிதர் குடும்பத்தில் கணவன் சவரத்தோடு கட்டி கீறுவது, எலும்பு கட்டுவதும் செய்வான், மனைவி பிரசவம் பார்ப்பாள். இரண்டும் ஊர்த் தொழில், இரண்டுக்கும் களத்தில் நெல் உண்டு. வண்ணார் குடும்பத்திலும் அப்படித்தான். தீட்டுக்கு மாற்றுத் துணி கொடுப்பது வண்ணாத்தியின் பொறுப்பு, அவள் இல்லாமல் எந்த வீட்டுச் சடங்கும் நடக்காது.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு வகை மருத்துவப் பெண்கள் வந்தார்கள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே 1912-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற டாக்டர் அம்மாவை எழுதும்போது எந்தக் கணக்கெடுப்பாளரும் தயங்கியிருக்கமாட்டார். ஊருக்கே பிள்ளை பெற உதவிய கிழவியிடம்தான் தயக்கம் வந்திருக்கும்.

#15 கொழுந்துக்கூடை

மலையகத்திலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு இருந்தேன், எங்கட கதை இதற்கு நேர் எதிர்.

இலங்கையில் முதலில் கோப்பி. அது பருவகால வேலை. புதுக்கோட்டை, திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து பெரும்பாலும் ஆண்கள் நடந்தே வந்து, பழம் பறித்து முடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 1869-இல் இலைநோய் தொடங்கி அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும், அதனால் தோட்டத்துக்குக் குடும்பம் தேவைப்பட்டது. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி குடும்பம் குடும்பமாகக் கூட்டி வரத் தொடங்கியது அப்படித்தான்.

தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பெண்கள். கவ்வாத்து வெட்டுவது (செடியை வெட்டிச் சீர்செய்வது), கான் (வடிகால்) வெட்டுவது, முள்ளுக் குத்துவது (மண்ணைக் கிளறுவது) ஆண்கள். விடியற்காலை பிரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்கவேண்டும், பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. அந்தச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெண்ணுக்குத் தனிப் பேர், பிள்ளைக்கும் தனிப் பேர். கங்காணிக்குத் தன் கணக்கில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்பதைப் பார்த்துத் தலைக்காசு. ஆகவே ஒரு பெண்ணைக் கணக்கில் விட்டுவிட அங்கே யாருக்கும் மனம் வராது. ஊரில் சார்ந்திருப்பவளாக எழுதப்பட்ட அதே பெண், கடல் தாண்டி ஹட்டனுக்கு வந்ததும் தொழிலாளி. அடுப்படி வேலை இரண்டு இடத்திலும் அவள் தலையில்தான்.

கணக்கில் வந்ததால் நியாயம் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். 1927-இல் வந்த இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோதும், தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 30 என்றுதான் எழுதினார்கள். பெண்ணின் கூலியையும் அவள் புருஷனோ தகப்பனோ வாங்கிப் போவது வெகுகாலம் நடந்தது.

#16 பனங்காட்டான்

கொழுந்துக்கூடை அக்கா, இலங்கை சென்சஸில் அந்தப் பெண்கள் தொழிலாளராகவே வருகிறார்களா?

#17 கொழுந்துக்கூடை

ஓம். தோட்டத்து ஆட்களைத் தனியாகவே எண்ணினார்கள், தோட்டத்துரையே பொறுப்பு. 1901 சென்சஸை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம், தமிழர்தான். அவருடைய அறிக்கை சும்மா அட்டவணை இல்லை, வாசிக்கவே சுவையானது. தேடிப் பாருங்கள்.

#18 வண்டிப்பேட்டை

பெரியப்பாவுக்கு அனுப்ப இதுவே போதும். இன்னும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதெல்லாம் மொத்தக் கணக்கு. எங்கள் பாட்டியின் தாயார் என்ன எழுதப்பட்டிருப்பார் என்று அந்த வீட்டுத் தாளையே தேடிப் பார்க்க வழி இருக்கிறதா? இங்கிலாந்தில் அப்படிப் பார்க்கிறார்களே.

#19 எண்ணும்எழுத்தும்

இங்கே வழியில்லை. 1901 முதல் ஆளுக்கொரு சீட்டு எழுதி, அந்தச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கித்தான் எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் தாள்களை வைத்திருக்கவில்லை. நம்மிடம் இருப்பது அச்சிட்ட அட்டவணைகள் மட்டும்தான்.

பதிவு அலுவலகத்தில் முயன்று பாருங்கள். பழைய பதிவுச் சட்டப்படி பத்திரத்தில் ஆளின் இருப்பிடம், தொழில், தகப்பன் பேர், சாதி எல்லாம் எழுதவேண்டும். 'விவசாய ஜீவனம்', 'வியாபார ஜீவனம்' என்றெல்லாம் வருவது அதனால்தான். உங்கள் குடும்பத்தில் 1900-க்குப் பக்கத்தில் நிலமோ வீடோ வாங்கி விற்றிருந்தால் நகல் கேட்கலாம். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கத்தில் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம், ஆனால் எல்லா அலுவலகத்திலும் அவ்வளவு பழசு கிடைக்காது.

#20 நாகூர்க்கடல்

பெண்கள் பேரில் உள்ள பத்திரங்களில் பெரும்பாலும் 'இன்னார் பாரியாள்' என்பதோடு நின்றுவிடும். விதவைகள் எழுதிக்கொடுத்ததைத் தேடுங்கள், அதிலும் அடமானப் பத்திரங்களை. எதற்காகக் கடன், எதை விற்று அடைப்பேன் என்று உள்ளே எழுதியிருப்பார்கள். மாடு வாங்க, கடைக்குச் சரக்கு எடுக்க என்று நான் பார்த்திருக்கிறேன். வண்டிப்பேட்டை, உங்கள் ஊர் எந்தத் தாலுகா? 1911-இல் அது எந்த ஜில்லாவில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் பிரிந்தது.

#21 வண்டிப்பேட்டை

சாத்தூர்.

#22 நாகூர்க்கடல்

அப்படியானால் 1901 அட்டவணையில் திருநெல்வேலிக்குக் கீழே பாருங்கள், 1911-இல் ராமநாதபுரத்துக்குக் கீழே. இரண்டு ஜில்லாக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்துக் கழித்துவிடாதீர்கள்.